ஆபீசர் வந்த அன்று நாங்கள் பணக்காரர்கள்

மதிப்பிற்குரிய பிரேமா அக்காவுக்கு, டத்தோ கிராமாட்டிலிருந்து தம்பி குணாளன் ஒற்றைக் காலில் நின்று வணங்கி எழுதுவது. சர்க்கரைக்குப் பறிகொடுத்த கால் நீங்கலாக, மற்ற உறுப்புகளும் குடும்பமும் சுகம். நிபோங் திபாலில் மாமாவின் முட்டிவலி எப்படி?

அக்கா, லாரி ஓட்ட முடியாமல் போனபின் உதவித்தொகைக்கு மனுப் போட்டேன் அல்லவா? அது வந்தாலும் வாடகைக்கே பற்றாது, மருந்துக்கு மிச்சமிருக்கும் காலைத்தான் அடகு வைக்க வேண்டும். ஆனாலும் அது வந்தால்தான் மகள் உமா படிப்பைத் தொடர்வாள், இல்லாவிட்டால் பேக்டரிக்குப் போகிறேன் என்று நிற்கிறாள். எங்கள் நிலைமையைப் பார்க்க வெல்ஃபேர் ஆபீசர் புவனேஸ்வரன் வீட்டுக்கு வருகிறார் என்றதும் என் வீட்டுக்காரி ஜெயலெட்சுமி, "வர்ற மனுசன் கால் ஆடுற நாற்காலியிலயா உக்காருவாரு?" என்று எதிர்வீட்டு சோபா, கீழ்வீட்டுத் திரைச்சீலை, பக்கத்து வீட்டு ஹனீபா பாயின் பெரிய டிவி எல்லாவற்றையும் இரவல் வாங்கி நிரப்பிவிட்டாள். நானும் புத்திகெட்டுப்போய் தீபாவளிச் சட்டையில் மாப்பிள்ளை போல் உட்கார்ந்திருந்தேன். வந்த ஆபீசர் சின்னப் பிள்ளை, சோபாவில் புதைந்து, முறுக்கைக் கடித்து, சுற்றிலும் பார்த்து, "அங்கிள், உங்களுக்கு நெசமாவே கஷ்டமா?" என்றான். உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். ஜெயா பார்த்த பார்வையில் அது தொண்டைக்கே திரும்பிப் போயிற்று. அந்த நேரம் ஹனீபா பாய் உள்ளே வந்து, "அண்ணே, பந்து ஆட்டம் ஆரம்பிக்கப் போவுது லா, டிவிய எடுத்துக்கவா?" என்றார். தெய்வமே வந்து காட்டிக்கொடுத்தது என்று நான் பெருமூச்சு விடுமுன் ஜெயா, "எடுத்துக்கிட்டுப் போங்க பாய், நாங்க எப்பவும் குடுக்கிறதுதானே!" என்றாள். அக்கம்பக்கத்துக்கே டிவி வழங்கும் வள்ளலுக்கு எந்த ஆபீசர் உதவித்தொகை எழுதுவான்?

ஆனால் நல்ல பிள்ளை. வாசலில் என் காதருகே குனிந்து, "புதன்கிழமை மறுபடி வரேன் அங்கிள். வீடு தெனமும் இருக்கிற மாதிரியே இருக்கட்டும், ப்ளீஸ் லா" என்றான்.

ஆகவே புதன்கிழமை இரவல் இல்லை, பலகாரம் இல்லை, பச்சைத் தண்ணீர்தான் என்று வீட்டில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். நீங்களும் அன்று எதையும் தூக்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். மாமாவுக்கு என் வணக்கம், பிள்ளைகள் நூறாண்டு இரண்டு காலோடும் வாழ்க.

இப்படிக்கு,
எஞ்சிய காலில் உறுதியாக நிற்கும் தம்பி,
குணாளன்

பி.கு.: ஆபீசருக்குத் தாய் இல்லையாம், ஜெயா விசாரித்துவிட்டாள். "தாயில்லாப் பிள்ளைக்குப் பச்சைத் தண்ணியா?" என்று அழுகிறாள். புதன்கிழமை வரும்போது அங்கே நல்ல நண்டாகப் பார்த்து வாங்கி வாருங்கள். வாழையிலை மட்டும் வேண்டாம். பழைய தட்டில்தான் பரிமாறுவோம். வறுமை தெரிய வேண்டுமல்லவா?