பொன்னாத்தாளைக் கூண்டில் ஏற்றிய பாராட்டு விழா

கறுப்புக் கோட்டு போட்டதும் கூடவே புத்தியும் வந்துவிடும் என்று நினைக்காத இளம் வக்கீலை நான் பார்த்ததில்லை. கோட்டு மட்டும்தான் வரும். புத்தி பின்னால் எப்போதாவது வரலாம். எனக்கு அது இல்லாமலேயே ஒரு வருஷம் ஓடிவிட்டது. (வழக்கும் இல்லாமல்தான்.)

எழுபதுகளின் பின்பாதி. பாலக்காட்டுக்குக் கிழக்கே பெருமாட்டிப் பக்கம் எங்களுக்குத் தென்னந்தோப்பும் வயலும் உண்டு. வேலைக்கு வருகிறவர்கள் என் தகப்பனாரைப் பெரிய பண்ணாடி என்றும் என்னைச் சின்னப் பண்ணாடி என்றும் கூப்பிடுவார்கள். சின்னப் பண்ணாடி டவுனில் அறை எடுத்துத் தங்கி, தாலுகா கோர்ட்டில் ஒரு சீனியருக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்தார்.

அந்த வருஷம் எங்கள் வக்கீல் சங்கம், சமத்துவத்துக்கும் ஓட்டுரிமைக்கும் ஊர்ச் சேவைக்கும் பாடுபட்ட ஒருவருக்குப் பொன்னாடை போர்த்துவது என்று தீர்மானித்தது. ஆளாளுக்குத் தங்கள் மாமனார் பெயரைச் சொன்னார்கள். நான் எழுந்து எங்கள் ஊர்ப் பொன்னாத்தாளின் பெயரைச் சொன்னேன். நடவு வேலை செய்கிறவர். போன தேர்தலில் தன் தெருப் பெண்கள் அத்தனை பேரையும் வாய்க்கால் தண்ணீரில் இறக்கிக் கூட்டிப்போய் ஓட்டுப் போட வைத்தவர் என்று டீக்கடையில் கேள்விப்பட்டிருந்தேன். ஓட்டுச்சாவடி இருந்த பள்ளிக்கூடத்துக்கு எங்கள் தோப்பு வழியாக நல்ல பாதை இருக்கும்போது வாய்க்காலில் ஏன் இறங்கினார்கள் என்று பச்சைக் குழந்தைகூடக் கேட்டிருக்கும். நான் கேட்கவில்லை. ஆர்வம் என்று நினைத்துப் புல்லரித்துப்போனேன்.

விழாவை என் தலையிலேயே கட்டினார்கள். வீட்டுக்குப் போய் ஐயனிடம் (எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் சொல்வோம்) "கோர்ட்டுல பாராட்டு விழாங்க, நான் பேசறேன்" என்றேன். பாராட்டே எனக்குத்தான் என்று அவர் எடுத்துக்கொண்டார். சலவை வேட்டி கட்டிக்கொண்டு, சித்தப்பாவையும் கூட்டிக்கொண்டு வந்து முதல் வரிசையில் நடுநாயகமாக உட்கார்ந்துவிட்டார்.

சங்கத்து அறை சின்னது என்பதால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோர்ட்டு ஹாலிலேயே விழா. முன்சீப் தலைமை. இருந்த நாற்காலிகளையெல்லாம் வக்கீல்கள் பிடித்துக்கொண்டோம். சமத்துவத்துக்கு விழா எடுத்த எங்களில் ஒருத்தருக்கும், விருந்தாளிக்கு ஒரு நாற்காலி போட வேண்டும் என்று தோன்றவில்லை. பொன்னாத்தாள் உள்ளே வந்ததும் கோர்ட்டு டவாலிச் சேவகர் பழக்க தோஷத்தில் அவரை நேரே கொண்டுபோய்ச் சாட்சிக் கூண்டில் ஏற்றிவிட்டார். அவரும் இதுதான் முறை போலிருக்கிறது என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஐயன் முகம் ஏன் சுருங்கியது என்று எனக்குப் புரியவில்லை.

அந்த இடத்தில் எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வந்ததோ ஆனந்தம். எனக்கென்று கூண்டில் ஒரு சாட்சி நிற்பது அதுதான் முதல் தடவை. மனப்பாடம் செய்த பேச்சு பறந்துவிட்டது. கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஆரம்பித்தேன்.

"உங்க பேரு?"

"பொன்னாத்தாளுங்க. உங்களுக்குத் தெரியாதுங்களா, சின்னப் பண்ணாடி?"

ஹால் சிரித்தது. நான் அசரவில்லை. "ஓட்டுரிமை மேல இருந்த பற்றுனாலதானே வாய்க்கால்ல எறங்கிப் போனீங்க?"

என் சீனியர் எழுந்தார். "அப்ஜெக்ஷன். பதிலையும் இவனே சொல்லிக் குடுக்கறான்."

முன்சீப் அரைத் தூக்கத்தில் "சஸ்டெயின்ட்" என்றார். கைதட்டல் வேறு. அத்தோடு உட்கார்ந்திருக்கலாம், விதி விடவில்லை.

"சரி, ஏன் வாய்க்கால்ல போனீங்க?"

"தோப்புக் கதவு பூட்டிக் கெடந்துச்சுங்க."

"யார் பூட்டினாங்க?"

அவர் என்னையும் முதல் வரிசையையும் மாறி மாறிப் பார்த்தார். "அதையும் சொல்லோணுங்களா?"

"இது கோர்ட்டு. இங்க யாருக்கும் பயப்பட வேண்டியதில்லை" என்று மேஜையைத் தட்டினேன்.

"உங்கய்யந்தானுங்க."

கோட்டுக்குள் வேர்த்து வழிந்தது. "வேற கேள்வி இல்லை" என்று முனகிவிட்டு என் நாற்காலியைத் தேடினேன். அதில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

முன்சீப்புக்கு இப்போது தூக்கம் முழுசாகக் கலைந்துவிட்டது. மலையாளியான அவர் தனக்குத் தெரிந்த தமிழில், "வேற ஏதும் சொல்லான் உண்டோ?" என்று பொன்னாத்தாளைக் கேட்டார்.

"துணி போத்திக்க நா வர்லீங்க. பஞ்சாயத்து ஓட்டு வருது. மறுக்காத் தண்ணில எறங்க மாட்டோம்னு வயசான பொம்பளைங்க சொல்லிட்டாங்க. பண்ணாடி இங்க வர்றாருன்னு அவரு வண்டிக்காரர் சொன்னாரு, அதான் வந்தேன். கதவு தெறந்திருக்குமா இருக்காதான்னு எல்லாரு முன்னாலயும் ஒரு வார்த்த சொல்லச் சொல்லுங்க."

ஐயன் எழுந்தார். அப்படியே வெளியே போய்விடுவார், என் அறை வாடகையும் அவரோடு போய்விடும் என்று நினைத்தேன். அவர் கூண்டைப் பார்த்து, "எத்தன தண்ணி இருந்துச்சு?" என்றார்.

"இடுப்பளவுங்க. கைக்கொழந்தைகளத் தலைமேல தூக்கிக்கிட்டம்."

ஐயன் துண்டால் முகத்தைத் துடைத்தார். பிறகு முன்சீப்பிடம், "தெறக்கச் சொல்றனுங்க" என்றார்.

"சொன்னாப் பத்தாதுங்க" என்றார் பொன்னாத்தாள். "தெறந்திருக்கோணுங்க."

"தெறந்திருக்கும், பொன்னாத்தா."

கைதட்டலுக்கு நடுவே நான் போய்ப் பொன்னாடையைப் போர்த்தினேன். அவசரத்தில் முகத்தையும் சேர்த்து மூடிவிட்டேன். உள்ளேயிருந்து, "மூச்சு முட்டுதுங்க, சின்னப் பண்ணாடி" என்று குரல் வந்தது.

பஸ்ஸில் ஐயன் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். நான் மன்னிப்புக் கேட்கும் வாசகங்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். ஊர் வந்து இறங்கும்போதுதான் கேட்டார்: "அதிருக்கட்டும், உனக்கு எப்படா பொன்னாடை போடுவாங்க?"

ஓட்டு நாளுக்கு முன்பே ஆசாரியை வரவழைத்துத் தோப்புக் கதவைக் கழற்றிவிட்டார். "கதவுன்னு ஒண்ணு இருந்தா என் கை சும்மா இருக்காதுடா" என்றார். அன்று காலையில் பொன்னாத்தாளும் அந்தத் தெருப் பெண்களும் கால் நனையாமல், பேசிச் சிரித்துக்கொண்டு தென்னை மரங்களுக்கு நடுவே போனார்கள். ஐயன் பின்னாலேயே போய் ஓட்டு வரிசையின் கடைசியில் நின்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணில் தூசி என்று சொல்லிச் சமாளித்தேன்.

பிற்பாடு நான் தனியாக ஆபீஸ் போட்டபோது ஐயன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். வருகிற கட்சிக்காரர்கள் தயங்கித் தயங்கி, "பையன் கேசு ஜெயிப்பாருங்களா?" என்று அவரிடம்தான் விசாரிப்பார்கள். அவர் சொன்ன பதிலை இன்றைக்கும் எங்கள் வீட்டு விசேஷங்களில் யாராவது அவர் குரலிலேயே சொல்லிக்காட்டாமல் பந்தி முடியாது:

"மொத விசாரணையிலயே ஜெயிச்சவனுங்க என் பையன். தோத்தவன் நாந்தான்."