ஒரு ஸ்பூன் குறைகிறது

"ஸ்பூன் எங்கே?"

ஸ்டோர்காரர் கேட்டது அவ்வளவுதான். கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்றிருந்த தையல்காரன் சாமான்களை இன்னொரு தரம் எண்ணிப் பார்த்தான். கம்பளி, பூட்ஸ், தட்டு, தண்ணீர் பாட்டில், முதுகுப்பை என்று எல்லாவற்றையும் துடைத்து வரிசையாக வைத்திருந்தான். ஸ்பூன் மட்டும் இல்லை.

"நேத்து சாப்பிடும்போது இருந்துச்சுண்ணே."

"நேத்து எனக்குக்கூடத்தான் தலை நிறைய முடி இருந்துச்சு. ஸ்பூன் எங்கே?"

படையிலேயே பொறுக்கி எடுத்த ஆட்களுக்கான பிரிவு அது. பயிற்சி தாங்கவில்லை என்றால் யாரும் தடுக்க மாட்டார்கள். கொடுத்த சாமான்களை ஸ்டோரில் ஒப்படைத்துவிட்டு, சீட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கேட்டைத் தாண்டிவிடலாம். ஒரே நிபந்தனை, ஒரு சாமான்கூடக் குறையக் கூடாது. குறைந்தால் கேட் திறக்காது. திறக்காத வரை பயிற்சிக்குப் போயாக வேண்டும்.

தையல்காரன் நிஜமாகவே தையல்காரன்தான். படையில் சீருடை தைத்துக்கொண்டிருந்தவன். அந்தப் பிரிவின் பேட்ஜை மற்றவர்கள் சட்டையில் தைத்துத் தைத்து, நம் சட்டையிலும் ஒன்று தைத்தால் என்ன என்று ஆசைப்பட்டான். "ஊசி பிடிக்கிற கை மாப்ளே அது" என்று மச்சான் சிரித்ததில் ரோஷம் வேறு வந்துவிட்டது. ஆழம் தெரியாமல் காலை விட்டான். இப்போது அந்தக் கால் முழுக்கக் கொப்புளம். தோளில் தோல் உரிந்து சட்டை ஒட்டிக்கொள்கிறது. ஆற்றில் இறங்கினால் எலும்புக்குள் ஏறும் குளிர், கரை ஏறிய பிறகும் இறங்குவதில்லை. வீரம் வேண்டாம், வீடு போதும் என்று முடிவு செய்துவிட்டுத்தான் ஸ்டோருக்கு வந்திருந்தான்.

சோர்ந்து திரும்பியவனைப் பக்கத்துக் கட்டில் நெட்டை வரவேற்றான். நடப்பது, நீந்துவது, மண்ணில் ஊர்வது எல்லாம் அங்கே ஜோடியாகத்தான். தையல்காரனுக்கு வாய்த்த ஜோடி நெட்டை.

"இன்னும் கிளம்பலையா நீ? உன் முனகல் இல்லாம நிம்மதியா தூங்கலாம்னு பார்த்தேன்."

"ஸ்பூனைக் காணோம்டா."

"ஒரு ஸ்பூனைக் காப்பாத்தத் தெரியல, நாட்டைக் காப்பாத்த வந்துட்டாரு." திட்டிக்கொண்டே நெட்டை கட்டிலுக்கு அடியில் புகுந்து தேடினான். தலையணை உறையைக்கூட உதறிப் பார்த்தான்.

மறுநாள் தையல்காரன் சமையல்கட்டிலிருந்து ஒரு ஸ்பூனைக் கமுக்கமாக எடுத்துப் போனான். ஸ்டோர்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது சமையல்கட்டு ஸ்பூன். திருட்டு வேறயா?"

தண்டனையாக, ஓய்வு நேரமெல்லாம் அண்டா தேய்க்க வேண்டியதாயிற்று. அதிலும் ஒரு நன்மை வந்தது. அண்டாக்களுக்குப் பின்னால் அவனுடைய ஸ்பூனே கிடந்தது. ஈரக் கையோடு ஸ்டோருக்கு ஓடினான்.

"சரி, ஸ்பூன் இருக்கு" என்றார் ஸ்டோர்காரர். "பாட்டில் மூடி எங்கே?"

தையல்காரன் பாட்டிலைப் பார்த்தான். அது வாயைத் திறந்துகொண்டு நின்றது.

மூடி ஆற்றில்தான் விழுந்திருக்கும் என்று நெட்டை அடித்துச் சொன்னான். அடுத்த முறை ஆற்றைக் கடக்கும்போது தையல்காரன் முதல் ஆளாக இறங்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அடி மணலைத் தடவினான். கூழாங்கல்தான் கிடைத்தது. கரையில் நின்ற பயிற்சியாளரின் கண்ணில் இது பட்டுவிட்டது. அவருக்கு 'இடி' என்று பெயர், காரணப் பெயர்.

"கரையில நின்னு நடுங்குறீங்களே, அவனைப் பாருங்கடா! இனிமே தினமும் அவன்தான் முதல்ல இறங்குவான்!"

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. வெறுத்துப்போய், தடித்த துணியில் தானே ஒரு மூடி தைத்து மெழுகு தேய்த்துக் கொண்டுபோனான்.

"நான் கொடுத்தது தகரம். எனக்குத் தகரம்தான் வேணும்" என்று ஸ்டோர்காரர் தள்ளிவிட்டார். ஆனால் இடிக்கு அது பிடித்துப்போயிற்று. நடக்கும்போது சத்தமே போடாத மூடி! எல்லோருக்கும் தைக்கச் சொல்லிவிட்டார். பிறகு கிழிந்த பை, பிய்ந்த வார் எல்லாம் தையல்காரனின் கட்டிலைத் தேடி வர ஆரம்பித்தன.

ஞாயிற்றுக்கிழமை வீட்டோடு போனில் பேச விடுவார்கள்.

"எப்பங்க வருவீங்க?" என்றாள் மனைவி.

"மூடி கிடைச்சதும் வந்துடுவேன்."

மனைவியின் குரலில் கவலை ஏறியது. "அங்க வெயில் ஜாஸ்தியாங்க?"

மூடி கிடைத்தபோது பூட்ஸ் பிரஷ் காணாமல் போனது. பிரஷ் கிடைத்தபோது ஒற்றைக் காலுறை. ஒவ்வொரு தடவையும் நெட்டை கூடவே தேடினான், கூடவே வைதான். ஸ்டோர்காரர்தான் ஆள் வைத்து எடுக்கிறார் என்று தையல்காரனுக்குச் சந்தேகம் வலுத்தது. கேட்டால் அவர் கடித்தே விடுவார் என்பதால் கேட்கவில்லை. இதற்கிடையில் கொப்புளங்கள் காய்த்துப்போனதையும், தோள் வலிக்காததையும், முகாமில் பாதிக் கட்டில்கள் காலியாகிவிட்டதையும் அவன் கவனிக்கவே இல்லை. போனவர்களைப் பார்த்துப் பொறாமைதான் பட்டான். அவர்களுக்கு எல்லாச் சாமானும் சரியாக இருந்ததே!

கடைசிச் சோதனை மலை நடை. ஜோடியாகப் போய் ஜோடியாகத் திரும்ப வேண்டும், தனியாக வருகிறவன் வராதவனாகவே கணக்கு. அதற்கு முந்தின நாள் பாறையிலிருந்து இறங்கும்போது நெட்டைக்குக் கால் பிசகிவிட்டது. கணுக்கால் வீங்கிப் பூட்ஸுக்குள் நுழைய மறுத்தது.

விடிந்ததும் தையல்காரன் கண் விழித்தால், ஸ்பூன், மூடி, பிரஷ், கடைசியாகக் காணாமல் போன காலுறை எல்லாம் கட்டில் ஓரத்தில் அடுக்கி இருந்தன. ஒன்றுகூடக் குறையவில்லை.

நெட்டை சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தான். "எல்லாம் இருக்குல்ல? கிளம்பு. நொண்டிக்குத் துணை நிக்கறேன்னு நீயும் கெடாதே."

ஸ்டோர்காரர் சரிபார்த்தார். குறை சொல்ல ஒன்றுமில்லாதது அவருக்கே ஏமாற்றம்தான். கையெழுத்துப் போட்டார். சீட்டோடு தையல்காரன் கேட் வரை நடந்தான். வெளியே சாலையில் ஒரு பஸ் ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தது. எத்தனை நாள் ஏங்கிய காட்சி! ஆனால் சந்தோஷம் வரவில்லை. நெட்டை திட்டாத ஒரு நாளை நினைத்துப் பார்க்க முடியவில்லை. வீங்கிய கணுக்காலோடு சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த முதுகைத்தான் பார்க்க முடிந்தது.

திரும்பி வந்து கவுண்டரைத் தட்டினான்.

"எல்லாத்தையும் திருப்பிக் கொடுங்கண்ணே."

ஸ்டோர்காரர் கண்ணாடியைக் கழற்றினார். "ஸ்பூனுமா?"

"ஸ்பூனும்தான்."

நெட்டையின் கணுக்காலைச் சுற்றித் துணியை இறுக்கித் தைத்து, பூட்ஸைப் பிளந்து மேலே போட்டுக் கட்டினான். நெட்டையின் பையை நெஞ்சில் மாட்டிக்கொண்டான், தன் பையை முதுகில். வழியெல்லாம் நெட்டை அவன் தோளில் தொங்கியபடி, "விட்டுட்டுப் போடா, மடையா" என்று சொல்லிக்கொண்டே வந்தான். மேட்டில் ஏறும்போது அந்தப் பேச்சும் நின்று, பல்லைக் கடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு இடத்தில் இருவரும் விழுந்தார்கள். எழுந்திருக்க வெகுநேரம் ஆயிற்று. எழுந்தார்கள். எல்லோருக்கும் கடைசியாக, ஆனால் ஒன்றாகத்தான் முடிவுக் கோட்டைத் தாண்டினார்கள். இடி தொப்பியைக் கழற்றினார்.

பேட்ஜ் குத்தும் நாளில் குடும்பங்கள் வந்திருந்தன. மச்சான் தையல்காரனின் பேட்ஜையே பார்த்துக்கொண்டு நின்றார். தையல்காரன் நேராக ஸ்டோர்காரரிடம் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நீங்க மட்டும் சாமானை ஒளிச்சு வைக்கலேன்னா நான் என்னைக்கோ ஓடியிருப்பேண்ணே. இந்த நன்றியை மறக்க மாட்டேன்."

ஸ்டோர்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. "யாரைப் பார்த்து என்ன பேச்சு பேசுறே? இத்தனை வருஷ சர்வீஸ்ல ஒரு ஊசியைத் தொட்டிருப்பேனா? நான் என்ன திருடனா?"

தையல்காரன் விழித்தான். பக்கத்தில் நின்ற நெட்டை திடீரென்று தன் பூட்ஸ் நாடாவை அவிழ்த்துக் கட்ட ஆரம்பித்தான். நெட்டையின் அம்மா முன்னால் வந்து தையல்காரனின் கன்னத்தைத் தடவினாள்.

"அவர் மேல பழி போடாதே தம்பி. 'அவன் போயிட்டா நானும் வந்துடுவேம்மா'ன்னு இவன் ஞாயித்துக்கிழமை தவறாம போன்ல அழுதான், நான்தான், 'அப்படின்னா அந்தப் பையனோட சாமான்ல ஒண்ணை எடுத்து ஒளிச்சு வைடா'ன்னு சொன்னேன்."