அண்ணன் வந்து சேர பதினேழு மணி நேரம்

கம்ப்யூட்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிக் கெட்டவர்களில் நானும் ஒருவன். 2008-இல் இன்ஜினியரிங் முடித்துவிட்டுக் கடலூர் செம்மண்டலத்தில் வீட்டோடு இருந்தேன். (வேலை தேடிக்கொண்டிருந்தேன் என்பது வீட்டில் சொல்லிக்கொண்டது.)

அப்பா பார்த்த பெண்ணை வேண்டாமென்று சொல்லிவிட்டு நியூயார்க் போன என் அண்ணனோடு, அப்பா ஆறு வருஷமாகப் பேசவில்லை. ஒருநாள் அவனிடமிருந்து எனக்கு மெயில் வந்தது. 'வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு ஊருக்குக் கிளம்புறேன். ஏர்போர்ட்டுக்குக் கூப்பிட யாராச்சும் வந்தா நல்லாருக்கும்.'

அம்மா அதை மூன்று முறை படிக்கச் சொன்னார். அப்பா, "எத்தினி மணிக்கு எறங்குறானாம்?" என்றார். அவர் வருகிறேன் என்பதை அப்படித்தான் சொல்வார்.

அண்ணனையே கேட்டிருக்கலாம். நானோ திருப்பாதிரிப்புலியூர் பிரவுசிங் சென்டருக்கு ஓடினேன். இரண்டு விமான நிலையங்களின் பெயரைப் போட்டால் தூரமும் நேரமும் சொல்லும் தளம் ஒன்று இருந்தது. பதின்மூவாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர், பதினேழு மணி நேரம். ஒன்பதோடு பதினேழைக் கூட்டினேன். சனிக்கிழமை மதியம் இரண்டு மணி!

எங்கள் பக்கத்தில் ஒருவரைக் கூப்பிட ஒருவர் மட்டும் போவதில்லை. சித்தப்பா வீடு, எதிர்வீடு எல்லோருமாகப் பதினான்கு பேர், புளிசாதத்தோடு வேனில் விமான நிலையத்துக்குப் போனோம். இரண்டு ஆயிற்று, ஐந்து ஆயிற்று, அண்ணன் வரவில்லை. விசாரித்தபோது, "நியூயார்க்லேர்ந்து நேரா இங்க ஃப்ளைட்டே கெடையாது சார்" என்றார் ஓர் ஊழியர். (வேலைக்குப் புதுசு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.)

எட்டு மணிக்கு அம்மா, "மனசு மாறிட்டான்" என்று அழ ஆரம்பித்தார். அப்பா வேனில் ஏறி உட்கார்ந்தார். அந்த முகத்தை இப்போது நினைத்தாலும் எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

மறுநாள் மதியம், சிதம்பரத்தில் கட்டிக்கொடுத்திருந்த அக்கா ஃபோன் செய்தாள். "அண்ணன் பஸ் புடிச்சி இங்க வந்திருக்குதும்மா. கடலூர்ல எறங்கவே இல்லியாம்."

போனோம். எதிர்வீடு உட்பட அதே பதினான்கு பேரும்தான். அண்ணன் அம்மாவைத்தான் பார்த்தான். "காலையில எறங்கி ரெண்டு மணி நேரம் நின்னேம்மா. அப்பா யாரையும் விடலபோலன்னு நெனச்சேன். ஃபோன் பண்ணவும் மனசு வரல."

"நேத்தே வந்து நின்னோமேடா!" என்றார் அம்மா.

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். கணக்கைச் சொன்னேன். அண்ணன் தலையில் கைவைத்துக்கொண்டான். "அங்க வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்பதுன்னா இங்க சனிக்கிழமை காலையில ஆறரைடா. நடுவுல ஜெர்மனியில வேற எறங்கி மாறணும்."

வாசலிலேயே நின்றிருந்த அப்பா உள்ளே வந்தார். அண்ணனைப் பார்த்து, "ஏன்டா, மெயில் அனுப்ப ஒனக்கு இந்தக் கழுதைதான் கெடச்சானா?" என்றார்.

ஆறு வருஷத்தில் அவர் அண்ணனிடம் பேசிய முதல் வாக்கியம் அது.

"நீங்களும் இவனை நம்பித்தானப்பா வேன் எடுத்தீங்க?" என்றான் அண்ணன். பிறகு இருவரும் சேர்ந்து என்னைத் திட்டினார்கள். எதிர்வீட்டுக்காரர்கள் எதிரில் நன்றாகவே திட்டினார்கள்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது ஊருக்குக் கிளம்பினால், எப்போது போய்ச்சேரலாம் என்று என்னைக் கேட்டுச் சிரிப்பார்கள். நான் சொன்னதும் அப்பா, "இரு, பெரியவனைக் கேக்குறேன்" என்று அண்ணனுக்கு ஃபோன் போடுவார். சிதம்பரம் போகிற பஸ்ஸாக இருந்தாலும் சரி, அந்தப் பேச்சு முடிய அரை மணி நேரம் ஆகும். நானும் விடாமல் தப்பாகவே சொல்லி வருகிறேன்.