சொல்லாமல் இருக்கப் படித்த நாய்

ஒரு காட்டில், செல்போன் டவர் வந்தும் புத்தி வந்து சேராத ஒரு காட்டில், மந்தாகினி என்றொரு இளம் மந்தி இருந்தாள். நல்ல அழகி. வால் நீளம், நடை ஒய்யாரம், குணம் தங்கம். ஒரே ஒரு சங்கடம், அவளுக்கு அவ்வப்போது வலிப்பு வரும்.

மானுக்கு வந்தால் புல்லில் விழும், எழுந்து போகும். முயலுக்கு வந்தால் வளைக்குள்ளேயே முடிந்துவிடும். குரங்குக்கு வந்தால் மரத்தின் உச்சியிலிருந்து அல்லவா விழ வேண்டும்? மந்தாகினி ஏற்கெனவே புளியமரத்திலிருந்து விழுந்து கையை ஒடித்துக்கொண்டவள். இன்னொரு தடவை விழுந்தால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை. கேட்டவர்களிடமெல்லாம் அவள் அம்மா செண்பகவல்லி, "பிடி வழுக்கிடுச்சு" என்று சொல்லிவைத்தாள். குரங்காய்ப் பிறந்துவிட்டுப் பிடி வழுக்குவது மானக்கேடுதான். வலிப்பு என்று சொல்வதற்கு அது எவ்வளவோ தேவலை என்பது அந்தக் குடும்பத்தின் தீர்மானம்.

செண்பகவல்லியின் இடுப்பில் எப்போதும் ஒரு சாவிக்கொத்து தொங்கும். யாரோ சுற்றுலா வந்தவரின் காரிலிருந்து சுட்டது. வலிப்பு வந்தால் கையில் இரும்பு கொடுக்க வேண்டுமாம். அந்தக் காட்டில் பூட்டு என்று ஒன்று கிடையவே கிடையாது. "சாவி எதுக்குக்கா?" என்று யாராவது கேட்டால், "சும்மா, அழகுக்கு" என்பாள்.

ஆந்தை டாக்டர் இரும்பைத் தூக்கி எறியச் சொன்னார். "மாத்திரைய ஒரு வேளைகூட விடாதீங்க. அதோட, முன்கூட்டியே மோப்பம் பிடிச்சுச் சொல்ற நாய் ஒண்ணு வச்சுக்கோங்க. வலிப்பு வரப்போற உடம்புல ஒரு தனி வாசனை வரும். நமக்குத் தெரியாது, நாய்க்குத் தெரியும்" என்றார். செண்பகவல்லி தலையாட்டிவிட்டு, சாவிக்கொத்தை இன்னும் நன்றாகச் செருகிக்கொண்டு வெளியே வந்தாள்.

மோப்பப் பயிற்சிக் கூடத்தை நடத்தியவர் கரடி வாத்தியார். டோக்கன் வாங்கி, வரிசையில் நின்று, கால் கடுத்து உள்ளே போனார்கள். மந்தாகினிக்கு வலிப்பு வந்தபோது ஒற்றியெடுத்த வியர்வைப் பஞ்சை ஒரு புட்டியில் போட்டார் கரடி. அவள் ஓடியாடியபோது வந்த வியர்வை மற்ற புட்டிகளில். சரியான புட்டியில் மூக்கை வைக்கும் நாய்க்குப் பிஸ்கட். பெரும்பாலான நாய்கள் கரடியின் பிஸ்கட் பையைத்தான் மோப்பம் பிடித்தன. பொட்டு என்ற பெட்டை நாய் மட்டும் எத்தனை முறை மாற்றி வைத்தாலும் சரியான புட்டிக்கே போய் நின்றாள். நாக்கில் ஒரு கரும்புள்ளி இருந்ததால் அந்தப் பெயர்.

பொட்டு வந்த பிறகு மந்தாகினியின் வாழ்க்கையே மாறிப்போனது. மரத்தடியில் படுத்திருக்கும் பொட்டு திடீரென்று மூக்கைத் தூக்கி, "மந்தா, இறங்கு" என்பாள். மந்தாகினி இறங்கிச் சருகுமேல் ஒருக்களித்துப் படுப்பாள். சற்று நேரத்தில் வரும், போகும். அசதி தீர்ந்ததும் உடம்பைத் தட்டிக்கொண்டு மறுபடி ஏறுவாள். உச்சிக்கிளை மாம்பழத்தைப் பயமில்லாமல் அவள் தின்றது அப்போதுதான். "நீ இருக்கிற வரைக்கும் நான் விழ மாட்டேன்டி பொட்டு" என்று மேலிருந்து சொன்னாள். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றியுள்ள நாய் என்று பாடப்புத்தகத்தில் போட்டிருப்பார்கள். அக்கம்பக்கம் என்று ஒன்று இருக்கிறதே, அது விடுமா?

"அந்த நாய் ஏன் உங்க பொண்ண மட்டும் இறங்கச் சொல்லுது?" என்று அணில் கேட்டது.

"டயட்ல இருக்கா. பழம் ஜாஸ்தியாப் போனா இறக்கிவிடச் சொல்லியிருக்கோம்" என்றாள் செண்பகவல்லி.

அணில் அதை அப்படியே வாட்ஸ்அப் குழுவில் போட்டது. நாயின் நாக்கைப் பார்த்திருந்த ஒரு மைனா, "கருநாக்கு. அது சொன்னா பலிச்சிடும். அது சொல்றதாலதான் அந்தப் பொண்ணுக்கு என்னவோ வருது" என்று எழுதியது. அதற்கு வரிசையாகக் கைகூப்புகள் விழுந்தன.

இந்த லட்சணத்தில் ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை சுந்தரவதனனுக்கு மலைக்கோவில் படிக்கட்டில் நிரந்தர உத்தியோகம். தினம் தேங்காய் மூடி, சனிக்கிழமை வடை. பக்தர்கள் கையிலிருந்து பிடுங்குவது கிம்பளம். செண்பகவல்லி நாயை இழுத்துக்கொண்டு கரடியிடம் ஓடினாள்.

"இது கண்டுபிடிக்கட்டும் வாத்தியாரே, வேணாங்கல. ஆனா வெளிய சொல்லக் கூடாது."

"சொல்லக் கூடாதுன்னா நாய் எதுக்கும்மா?"

"நாய் வச்சிருக்கோம்னு எங்களுக்கு ஒரு நிம்மதி வேணாமா?"

கரடிக்கு அதில் ஒரு புது கோர்ஸே தெரிந்தது. 'மௌன மோப்பம்: மேற்படிப்பு' என்று பலகை மாட்டினார். வாசனை தெரிந்து வாயைத் திறந்தால் பட்டினி. தெரிந்தும் மூடிக்கொண்டிருந்தால் பிரியாணி.

"அப்ப மோப்பம் எதுக்கு வாத்தியாரே?" என்று கேட்டாள் பொட்டு.

"அது அடிப்படைத் தகுதி" என்றார் கரடி.

மந்தாகினி அம்மாவிடம் அழுதாள். "அது சொல்லலைன்னா நான் விழுந்து செத்துருவேம்மா."

"கல்யாணம் முடியிற வரைக்கும் பல்லக் கடிச்சுக்கிட்டு இரு" என்றாள் அம்மா.

பெண் பார்க்க வந்தவர்களை நாவல் மரத்தின் அகலக் கிளையில் உட்காரவைத்தார்கள். மந்தாகினி வாழைப்பழத் தட்டோடு வந்தாள். கீழே பார்த்தால் பொட்டுவின் மூக்கு மேலே தூக்கியிருக்கிறது, வாய் இறுக மூடியிருக்கிறது. தனக்குத்தான் வரப்போகிறது என்று நினைத்தாள் மந்தாகினி. மானமா உயிரா என்று கொஞ்ச நேரம்தான் யோசித்தாள். தட்டை மாப்பிள்ளையின் மடியில் வைத்துவிட்டு விறுவிறுவென்று இறங்கிவிட்டாள்.

"எனக்கா பொட்டு?" என்று கேட்டாள். பொட்டு வாயைத் திறக்கவில்லை. கண்ணை மட்டும் மேலே உருட்டினாள்.

தொப்பென்று மாப்பிள்ளை விழுந்தான், தட்டோடு. நல்லவேளை, சருகுக் குவியல். கைகால் வெட்டி வெட்டி இழுத்தது.

இரண்டு அம்மாக்களும் பதறி இறங்கி ஓடிவந்தார்கள். இரண்டு பேர் கையும் இடுப்புக்குப் போனது. இரண்டு சாவிக்கொத்துகள் ஒரே நேரத்தில் கிலுங்கின. பூட்டே இல்லாத காட்டில் அந்த இரண்டு தாய்மார்களும் ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மந்தாகினி இரண்டு சாவிகளையும் தள்ளிவிட்டு, அவனை ஒருக்களித்துப் படுக்கவைத்து, இழுப்பு அடங்கும்வரை பக்கத்திலேயே இருந்தாள். அவன் கண் திறந்ததும் வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டான்.

"மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்றாள்.

"காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு."

"எனக்கும் அதேதான்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். அவளுக்கு அவனைப் பிடித்துப்போனது.

அந்தப் பக்கம் பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். "பிடி வழுக்கிடுச்சு" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா.

"ஆமா சம்பந்தி, நாவல் கிளைன்னாலே வழுக்கத்தான் செய்யும்" என்றாள் செண்பகவல்லி.

"உங்க நாய்க்கு முன்னாடியே தெரியும் போலிருக்கே. தெரிஞ்சுமா சொல்லல?"

"படிப்பு அப்படி."

"நல்ல வளர்ப்பு. கல்யாணத்துக்கு அவசியம் கூட்டிட்டு வாங்க."

கல்யாணத்தைத் தரையில் வைக்கச் சொல்லி மணமக்கள் கெஞ்சினார்கள். "குரங்குக் கல்யாணத்தத் தரையில வச்சா நாலு பேர் என்ன நினைப்பாங்க?" என்று இரு வீட்டாரும் ஒரே குரலில் மறுத்து, இலவமரத்தின் உச்சியில் மேடை கட்டினார்கள். நாயின் மூக்கைப் பார்த்துத்தான் மகள் அன்று இறங்கினாள் என்பது செண்பகவல்லிக்குப் புரிந்துவிட்டதால், முகத்திலும் எதையும் காட்டாமலிருக்க பொட்டுவுக்குத் தனி வகுப்பு நடந்து முடிந்திருந்தது.

மந்தாகினி மணமேடையிலிருந்து கீழே பார்த்துக்கொண்டே இருந்தாள். பொட்டு தலை குனிந்து, இலை போட்டு வைத்த பிரியாணியைத் தின்றுகொண்டிருந்தாள். பார்க்கும்போதெல்லாம் தின்றுகொண்டிருந்தாள். அப்படியானால் பயமில்லை என்று நம்பி மந்தாகினி தாலிக்குக் கழுத்தை நீட்டினாள்.

நடுவில் இரண்டு கிளைகள் தாங்கியதால் உயிர் பிழைத்தாள். கால் முறிந்தது. "பிடி வழுக்கிடுச்சு" என்று கல்யாணக் கூட்டமே சொன்னது. மறுநாள் கரடியின் பயிற்சிக் கூடத்தில் மேற்படிப்புக்கு மட்டும் மரங்களைச் சுற்றி வரிசை நின்றது.

மூங்கில் கட்டோடு தரையில் கிடந்த மந்தாகினிக்குப் பக்கத்தில் சுந்தரவதனன் உட்கார்ந்து விசிறினான். பொட்டு மெல்ல வந்து நின்றாள்.

"உனக்குத் தெரிஞ்சுதா பொட்டு?"

"தெரிஞ்சுது மந்தா. உன் வாசனைய நான் மறப்பேனா?" பொட்டுவின் கண் கலங்கியிருந்தது. அது நடிப்பில்லை.

"அப்புறம் ஏன்டி சொல்லல?"

"லெக் பீஸ் வச்சிருந்தாங்க மந்தா."

மந்தாகினி தலையைத் திருப்பி, இலவமரத்தடியில் இன்னும் கிடந்த அந்த இலையைப் பார்த்தாள். எலும்புகூட மிச்சமில்லை.

நீதி: மோப்பம் பிடிக்கத் தெரிந்தால் பிஸ்கட் கிடைக்கும், பிடித்ததை வெளியே சொல்லாமல் இருந்தால்தான் பிரியாணி கிடைக்கும்.