மூன்று சிட்டிங் முடித்தவர்

வைத்தியம் படித்தவர்கள், படிக்காதவர்கள் என்று மனிதர்களில் இரண்டே வகைதான் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தால், கொச்சியில் மட்டாஞ்சேரிப் பக்கம் வந்து ஒரு சாயா குடித்ததில்லை என்று அர்த்தம். மூன்றாவதாக ஒரு வகை உண்டு. நாள்பட்ட தசைநாண் வலிக்கு 'ஷாக்வேவ்' என்கிற அதிர்வலைச் சிகிச்சை எடுக்கப் போய், மூன்று சிட்டிங் முடித்தவர். மொத்தம் ஐந்து முடிக்க வேண்டும். ஆனால் ஐந்தையும் முடித்தவர்கள் வலி குறைந்து தத்தம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். அவர்களால் ஊருக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. மூன்றோடு நின்றவர்தான் நம் கையில் கிடைப்பார்.

அவரை நீங்கள் தேடிப் போக வேண்டியதில்லை. லேசாக நொண்டிக்கொண்டு தெருவில் நடந்தால் போதும், அவரே வருவார். 'குதிகாலா, முட்டியா?' என்பார். நீங்கள் பதில் சொல்வதற்குள் குனிந்து, உங்கள் குதிகாலுக்கு மேலே கட்டைவிரலை வைத்து அமுக்கி, நீங்கள் துள்ளியதைக் கண்டு திருப்தியோடு நிமிர்வார். 'நான் நினைச்சேன்' என்பார். அவர் என்ன நினைத்தார் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

எங்கள் பகுதிக்கு இந்த வகையில் வாய்த்தவர் ராசப்பன். யூதர் தெருவான ஜூ டவுனில் பழம்பொருள் கடை ஒன்றில் முப்பது வருடம் தேக்குப் பெட்டகங்களைத் தூக்கி இறக்கியவர். அந்த உழைப்பெல்லாம் வலது முழங்கையின் வெளிப்பக்கத்தில் போய்த் தங்கிவிட்டது. மூன்று வாரம் சிகிச்சைக்குப் போனார். நான்காவது வாரம் பாலையாவின் சாயாக்கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். அன்றிலிருந்து இடது கையில் சாயா க்ளாஸ், வலது கை மடியில், வாயில் வைத்தியம்.

தம்மை அவர் டாக்டர் என்று சொல்லிக்கொண்டதே இல்லை. எவ்வளவு அடக்கம் பாருங்கள். 'நான் டாக்டர் ஒண்ணும் இல்ல' என்று தொடங்கி, இது கரண்டு ஷாக் இல்லை என்று கேட்பவரின் பயத்தைத் தெளிவித்து, ஜெல் தடவும்போது எப்படிக் குளிரும், கைத்துப்பாக்கி போன்ற அந்தக் கருவி தோலில் பட்டதும் எப்படி 'டக்டக்டக்' என்று அடிக்கும் என்று பெஞ்சுப் பலகையில் விரலால் தட்டிக் காட்டி, ஒரு சிட்டிங்குக்கு இரண்டாயிரம் அடி என்று கணக்குச் சொல்லி, அந்த இரண்டாயிரத்தையும் தாம் பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணியதாகவும், பக்கத்துக் கட்டிலில் இருந்த போலீஸ்காரர் அறுநூறிலேயே அழுததாகவும் முடிப்பார். அந்தப் போலீஸ்காரர் எந்த ஸ்டேஷன் என்று ஒருமுறை பாலையா கேட்டார். ராசப்பன் பேச்சை மாற்றிவிட்டார்.

இதுவரை யாருக்கும் நஷ்டமில்லை. செல்வலட்சுமி வந்த பிறகுதான் வினை.

செல்வலட்சுமி, பஜார் ரோட்டில் வெங்கிடராமன் நடத்தும் ஹோட்டலில் தோசை போடுகிறவள். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து, பாத்திரம் கழுவி, மாவு அரைத்து, ஆறு வருடம் கழித்துத் தோசைக்கல்லுக்கு ஏறியவள். காலை ஐந்தரைக்கு நின்றால் பதினொன்று வரை நிற்க வேண்டும். எட்டு மாதமாக இடது குதிகாலுக்கு மேலே அந்தத் தசைநாண் வீங்கி, முதல் அடி எடுத்து வைக்கும்போதே உயிர் போனது. முதலாளி நல்லவர், அதனால் கெடு கொடுத்திருந்தார். ஓணம் வரைக்கும் பார்ப்பார்; அதற்குள் நிற்க முடியாவிட்டால் கல்லுக்கு வேறு ஆள், இவள் மறுபடி பாத்திரத்துக்கு.

ஜூலை மாதம், மழை விட்ட ஒரு பதினொன்றரை மணி. அவளும் அதே சிகிச்சைக்குப் போய், இரண்டாவது சிட்டிங் முடித்த மறுநாள், சுவரைப் பிடித்துக்கொண்டு சாயாக்கடைக்கு வந்தாள்.

"என்ன லட்சுமி, நடை மாறிப்போச்சே?" என்றார் ராசப்பன்.

"வலி கூடிட்டு அண்ணாச்சி. காலை ஊனவே முடியல."

"கூடும். ரெண்டு நாள் கூடிட்டுத்தான் குறையும்."

சரியாகத்தான் சொன்னார். பிசியோதெரபிஸ்ட் மஞ்சுஷாவும் அவளிடம் இதையேதான் சொல்லி அனுப்பியிருந்தாள். இந்த வகையினரிடம் உள்ள ஆபத்தே அதுதான், பாதி சரியாக இருக்கும்.

"எக்ஸர்சைஸ் எதாவது வல்லதும் சொன்னாங்களோ?"

"படி விளிம்புல நின்னு குதிகாலை மெல்ல இறக்கி ஏத்தணுமாம். காலையும் சாயங்காலமும். மூணு மாசத்துக்கு."

ராசப்பன் சிரித்தார். "அது மெஷின் இல்லாத இடத்துல சொல்றது. உனக்குத்தான் மெஷின் அடிச்சாச்சல்லோ. லிஃப்ட்ல ஏறிட்டு, உள்ளே நின்னு படி ஏறுவியா?"

பெஞ்சு முழுவதும் சிரித்தது. அவளும் சிரித்தாள். சொல்லிவிட்டு ராசப்பன் சட்டைப் பையிலிருந்து மாத்திரைப் பட்டை ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

"வலி மாத்திரை போடக் கூடாதுன்னு சொல்லிருக்காவ அண்ணாச்சி."

"அவங்க அப்படித்தான் சொல்வாங்க. நான் போட்டேன், எனக்கு என்ன ஆச்சு?"

நான் அப்போது பக்கத்தில்தான் இருந்தேன். அவர் க்ளாஸை எந்தக் கையில் பிடித்திருக்கிறார் என்பதும் எனக்குத் தெரியும். வாயைத் திறந்தேனா? என் சாயா ஆறிக்கொண்டிருந்தது.

மாத்திரை வேலை செய்தது. இரண்டு வாரம் அவளுக்கு வலியே தெரியவில்லை. படி விளிம்பில் ஏறவில்லை, மூன்றாவது சிட்டிங்குக்கும் போகவில்லை, சாயங்கால வேலையும் சேர்த்து நின்றாள். பதினைந்தாம் நாள் காலை எட்டு மணிக்கு, ஆறு மேசை தோசைக்குக் காத்திருக்கும்போது, கால் விட்டுவிட்டது. கல்லில் நான்கு தோசை கருகியது. வெங்கிடராமன் வந்து தோசைத்திருப்பியைத் தாமே வாங்கிக்கொண்டார். சுவரில் இருந்த நாள்காட்டியை ஒருமுறை பார்த்தார்.

அவள் நேரே மஞ்சுஷாவிடம் போய் அழுதிருக்கிறாள். மஞ்சுஷா இரண்டே கேள்விதான் கேட்டாளாம்.

"படியில நின்னு செய்தோ சேச்சி?"

"இல்ல."

"குளிக கழிச்சோ? மாத்திரை?"

"ம்."

"மெஷின் அடிச்சு, ஆறுற வேலையை நான் எழுப்பி விட்டேன். மாத்திரை போட்டு நீங்க உறக்கிட்டீங்க. அந்தத் தசைநாணைப் பலமாக்குறது படிதான் சேச்சி, மெஷின் இல்ல."

மஞ்சுஷா சொன்னதில் 'டக்டக்டக்' எதுவும் இல்லை. பெஞ்சில் உட்கார்ந்து சொல்லத்தக்க ஒரு விசேஷமும் இல்லை. ஹோட்டல் அடுக்களைக்குப் பின்னால் ஒரு கருங்கல் படி இருக்கிறது. ஏழு வாரம் அந்தப் படியில், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, பதினைந்து பதினைந்தாக மூன்று தடவை, காலையும் மாலையும் செல்வலட்சுமி குதிகாலை இறக்கி ஏற்றினாள். பார்ப்பதற்கு அவ்வளவு அலுப்பான காட்சியை நான் கண்டதில்லை. பாக்கி மூன்று சிட்டிங்கையும் முடித்தாள். சாயாக்கடைப் பக்கமே வரவில்லை.

ஓணத்துக்கு முந்தின நாள் உத்திராடத்தன்று தோசைக்கல் முன்னால், அவ்வளவு கூட்டத்திலும் கடைசித் தோசை வரை நின்றாள். வலி முழுதாகப் போகவில்லை, ஆனால் நின்றாள். வெங்கிடராமன் அடுக்களை வாசலில் வந்து, "ஓணம் கழிஞ்சு மறுநாள் அஞ்சரைக்கு வந்திரு, கல்லு காத்திருக்கும்" என்று மட்டும் சொன்னார். அதைக் கேட்டு அவள் அந்தக் கருங்கல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாளாம்.

அந்த மறுநாள், பதினொன்றரைக்குச் சாயாக்கடைக்கு வந்தாள். ராசப்பன் ஒரு புதுக் குதிகாலை அமுக்கிக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் நிமிர்ந்து, "இதோ, நம்ம கேஸ். ரெண்டே சிட்டிங்ல நிக்க வச்சேன்" என்றார்.

செல்வலட்சுமி கோபப்படவில்லை. பாலையாவிடமிருந்து சாயா க்ளாஸை வாங்கி அவர் முன்னால் நீட்டினாள்.

"அண்ணாச்சி, இதை வலது கையால வாங்குங்க."

ராசப்பன் சுற்றும்முற்றும் பார்த்தார். வேறு வழியில்லாமல் வலது கையால் வாங்கினார். க்ளாஸ் நெஞ்சு உயரம் வரை வந்தது. அதற்குமேல் பிடி நழுவி, பாதிச் சாயா வேட்டியில் கொட்டியது. அவள் க்ளாஸைப் பிடித்து அவருடைய இடது கையில் வைத்தாள்.

"நாளைக்குப் பன்னண்டு மணிக்கு மஞ்சுஷா இருப்பாங்க. நானே கூட்டிட்டுப் போறேன். மூணோட நிக்காதீங்க."

ராசப்பன் போனார். மனிதர் ஐந்தையும் முடித்துவிட்டார். இப்போது வீட்டில் தண்ணீர் நிரப்பிய பாட்டிலைப் பிடித்து மணிக்கட்டை ஏற்றி இறக்குகிறார் என்று கேள்வி. பெஞ்சுக்கு வருவதில்லை, அவரால் இனி ஊருக்குப் பிரயோஜனமில்லை.

அவர் இடம் காலியாகத்தானே இருக்கிறது என்று நான் உட்கார்ந்திருக்கிறேன். எனக்குத் தோள்பட்டை. போன வாரத்தோடு மூன்று சிட்டிங் ஆயிற்று, வலி எவ்வளவோ தேவலை, இந்த வாரம் போகலாமா வேண்டாமா என்று யோசனை. நேற்று ஒருவர் தோளைப் பிடித்துக்கொண்டு தெருவில் போனார். அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். நான் டாக்டர் ஒன்றும் இல்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இதைப் படித்துக்கொண்டு வரும்போது, முட்டி வலியோடு திரியும் மைத்துனரோ அலுவலக நண்பரோ உங்கள் நினைவுக்கு வரவில்லையா? அவருக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று நாக்கு துறுதுறுக்கவில்லையா? சொல்லுங்கள், வேண்டாம் என்று தடுக்க நான் யார். அதற்கு முன்னால் ஒன்றே ஒன்று: உங்கள் சாயா க்ளாஸ் இப்போது எந்தக் கையில் இருக்கிறது?