மனப்பாடப் பகுதி: சொல்லக் கூடாத நாற்பத்து மூன்று

எண்ணூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள் படிக்கும் ஒரு மேல்நிலைப் பள்ளியில் எண்ணூற்றுப் பதினோரு பேருக்கு ஒரு குறையும் இல்லை, ஒருவனுக்கு மட்டும் தினமும் குறை என்றால், குறை பள்ளியில் இருக்கிறதா, அவனிடம் இருக்கிறதா? புதுவாயல் கூட்டுரோட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த அந்தப் பள்ளியின் தலைமையாசிரியர் திரு. பூவராகவன் அவர்கள் இந்தக் கணக்கை மனசிலேயே போட்டு முடித்தார். விடை: டி.சி.

அந்த ஒருவன் ஆசீர்வாதம். பன்னிரண்டாம் வகுப்பு. அவன் செய்த முதல் குற்றம், கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னது. வாத்தியார் வராத ஒரு பீரியடில் பையன்கள் வட்டம் கட்டி உட்கார்ந்து, யாருக்கு எந்தப் பெண்ணைப் பிடிக்கும் என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தார்கள். இவன் முறை வந்தது. எனக்குப் பெண்களை அப்படிப் பிடிக்காது, பையன்களைத்தான் பிடிக்கும் என்று, பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டவனுக்குச் சொல்வது போலச் சொல்லிவிட்டான். மற்றவர்கள் எல்லோரும் பொய் சொல்லித் தப்பித்துக்கொண்டார்கள். மறுநாளிலிருந்து அவனுக்கு மூன்று பெயர்கள். குழாயடியில் ஒன்று, மைதானத்தில் ஒன்று, சைக்கிள் நிறுத்தும் இடத்தில் ஒன்று. அவன் குழாயடிக்குப் போவதை நிறுத்தினான். தண்ணீர் குடிக்காமல் எத்தனை நாள் படிப்பது என்று தலைமையாசிரியரிடம் புகார் கொடுத்தான். அது இரண்டாவது குற்றம்.

அவன் அம்மா ரோசம்மாளுக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. அரைநாள் லீவு போட்டுவிட்டு, யூனிஃபார்ம் கோட்டோடேயே வந்து நின்றாள்.

"உங்க பையன் ஒரு மாதிரிம்மா" என்றார் தலைமையாசிரியர்.

"இன்னா மாதிரி சார்?"

"அதாம்மா, அந்த மாதிரி."

"எந்த மாதிரி சார்?"

"வேற மாதிரி."

"மூணு மாதிரி சொல்லிட்டீங்க, ஒண்ணும் வெளங்கல. அவனுக்குப் பசங்களத்தான் புடிக்குது, அதான? போன வருசமே எங்கிட்ட சொல்லிட்டான் சார். நானும் மூணு நாள் சோறு துண்ணாம கெடந்தேன். நாலாவது நாள் பசிச்சிச்சி. எழுந்து ரெண்டு பேருக்கும் சேத்து ஆக்கினேன்."

தலைமையாசிரியர் பொறுமையாக விளக்கினார். இவன் இருப்பதால்தான் கேலி. இவன் போய்விட்டால் கேலியும் போய்விடும். கேலி இல்லாத பள்ளி என்றால் அது எல்லோருக்கும் பெருமை. அந்தப் பெருமையில் ஆசீர்வாதத்துக்கும் பங்கு உண்டு.

"கொசு கடிக்குதுன்னு மனுசனை ஊட்டை விட்டு அனுப்புவீங்களா சார்?" என்று கேட்டாள் ரோசம்மாள். "எங்க வம்சத்துல பன்னெண்டாவது வாசப்படி மிதிச்சவன் இவன் ஒருத்தன்தான். பரீச்சை எழுதணும். அத்த மட்டும் தடுக்காதீங்க. வேற ஒண்ணும் கேக்கல."

டி.சி.யில் குணமும் நடத்தையும் 'மிக நன்று' என்று போட்டுத் தருவதாகத் தலைமையாசிரியர் பெரிய மனசோடு ஒப்புக்கொண்டார். எழுதும்போது, அம்மாவும் பையனும் எதிரே நிற்க, அந்த மூன்று பெயர்களில் ஒன்று அவர் வாயிலும் வந்தது. கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார். பச்சை மை தீர்ந்திருந்தது. நீல மையில் ஒரு பையனை வெளியே அனுப்ப விதியில் இடமில்லை. மை வாங்கக் கும்மிடிப்பூண்டிக்கு ஆள் போனான். ஆள் திரும்புவதற்குள் தபால் வந்துவிட்டது.

இரண்டாயிரத்து ஒன்பது, ஆடி மாதம். ஆணை ஆண் விரும்புவது குற்றமில்லை என்று தில்லியில் ஒரு தீர்ப்பு வந்து பேப்பர்காரர்கள் அதையே எழுதிக்கொண்டிருந்த நேரம். எந்த மேலிடத்தில் எந்த அதிகாரி அதைப் படித்தாரோ, பள்ளிகளுக்கெல்லாம் ஒரு சுற்றறிக்கை கிளம்பியது. பொருள்: மாறுபட்ட விருப்பமுடைய மாணாக்கர் கேலிக்கு உள்ளாவதை அறவே ஒழித்தல், தொடர்பாக. கலம் ஒன்றில் அவ்வாறான மாணாக்கர் எண்ணிக்கை. கலம் இரண்டில் அவர்களைக் கேலி செய்யப் பயன்படும் சொற்கள். அச்சொற்கள் கூடாதவை என்பதை மாணாக்கர் மனத்தில் பதியச் செய்து அறிக்கை அனுப்ப வேண்டியது.

எழுத்தர் பாக்கியநாதனுக்கு இருபத்தாறு வருட சர்வீஸ். பாம்புக்கடி எத்தனை, யானைக்கால் எத்தனை, பள்ளிக்குச் சொந்தமான படகு எத்தனை சேதம் என்று இதுவரை வந்த எல்லாக் கேள்விக்கும் 'இல்லை' என்று ஒரே பதில் அனுப்பிப் பள்ளியைக் காப்பாற்றியவர். "நில் போட்ருவோம் சார், பேஜாரே இல்ல" என்றபடி படிவத்தை எடுத்தவர், மூன்றாம் பத்தியில் நின்றுவிட்டார். அவ்வாறான மாணாக்கர் இல்லாத பள்ளி இருக்க இயலாது என்றும், இல்லை என்போர் நேரில் ஆஜராகி அவர்கள் எவ்வாறு இல்லாமற் போயினர் என்பதை விளக்க வேண்டும் என்றும் அதில் கண்டிருந்தது.

தலைமையாசிரியர் கண்ணை மூடினார். பெரியபாளையத்தில் பஸ் மாறி, நின்றுகொண்டே திருவள்ளூர் போய், அங்கே வெயிலில் வராந்தாவில் காத்துக் கிடப்பது அவர் மனக்கண்ணில் ஓடியது. கண்ணைத் திறந்தபோது ஆசீர்வாதம் எதிரே நின்றான். அவனைப் போல அழகான பையனை அவர் அதுவரை பார்த்ததில்லை.

கலம் ஒன்று நிரம்பியது. 'இருப்பு: ஒன்று. நிலை: நன்று.' டி.சி. மேஜை டிராயருக்குள் போயிற்று.

"தம்பி, உடம்பைப் பாத்துக்கோ" என்றார் தலைமையாசிரியர். "மழையில நனையாதே. லீவு கீவு போட்டுடாதே."

கலம் இரண்டில்தான் சிக்கல். சொற்கள் மூன்றே மூன்று. இவ்வளவு பெரிய பள்ளிக்கு மூன்று என்றால் மறைக்கிறோம் என்று நினைப்பார்கள் என்றார் பாக்கியநாதன். ஆகவே சொற்கள் திரட்டப்பட்டன. வகுப்புக்கு ஓர் அட்டைப்பெட்டி. பெயரில்லாத மனு ஏற்கப்படாது என்பது அலுவலக நடைமுறையாதலால், சீட்டில் சொல்லோடு தந்தவர் பெயரும் இருக்க வேண்டும். பிள்ளைகள் உற்சாகமாகத் தந்தார்கள். பின்தங்கிவிடக் கூடாதென்று ஆசிரியர்களும் தந்தார்கள். தமிழாசிரியர் இலக்கியத் தரமான இரண்டு கொடுத்தார். ஆந்திர எல்லையோரப் பள்ளிப்பட்டிலிருந்து மாற்றலாகி வந்த உடற்பயிற்சி ஆசிரியர் தனி ஆளாக ஒன்பது கொடுத்தார். அதில் ஐந்து தெலுங்கு. மொத்தம் நாற்பத்து மூன்று. கோயில் டியூப்லைட்டில் எழுதுவது போல ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் 'உபயம்' என்று போட்டுத் தந்தவர் பெயரும் எழுதி, அறிவிப்புப் பலகையில் கண்ணாடிக்குள் வைத்தார்கள். பழைய மூன்று சொற்களுக்கு மட்டும் யாரும் உரிமை கொண்டாடவில்லை. அவற்றுக்கு 'பொது' என்று போட்டார்கள்.

இனி மனத்தில் பதிய வைப்பது. அந்தப் பள்ளிக்குத் தெரிந்த பதிய வைப்பு ஒன்றே ஒன்றுதான். காலை வணக்கத்தில் கொடியேறி, செய்தி வாசித்து முடித்ததும், முதல் ரேங்க் வாங்கும் நௌஷீன் மேடையேறி ஒவ்வொரு சொல்லாகக் கணீரென்று சொல்வாள். எண்ணூறு பிள்ளைகளும் திருப்பிச் சொல்லி, "சொல்ல மாட்டோம்" என்று முடிப்பார்கள். நெடுஞ்சாலையில் போகும் லாரி டிரைவர்கள் வண்டியை ஓரங்கட்டிக் கேட்டார்கள். ஆறாம் வகுப்புக் குழந்தைகள் வீட்டில் கை கழுவும்போதும் பாடம் ஒப்பித்தார்கள். பதறிப்போன அப்பாமார்கள் அடிக்கக் கை ஓங்க, பெற்றோர் கையெழுத்து வேண்டும் என்று நோட்டை நீட்டினார்கள். இரண்டு அப்பாமார்கள் கையெழுத்தும் போட்டு, விடுபட்ட சொல் ஒன்றையும் ஓரத்தில் எழுதி அனுப்பினார்கள். கடைசித் தேதி முடிந்துவிட்டதால் அது நிராகரிக்கப்பட்டது.

மாதத் தேர்வு வந்தது. 'சொல்லக் கூடாத சொற்களில் எவையேனும் பத்தினை அடி பிறழாமல் எழுதுக.' நௌஷீன் பத்துக்குப் பத்து. ஆசீர்வாதம் தாளில் பெயரை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான். பூஜ்யம்.

தலைமையாசிரியருக்கு மனசே ஆறவில்லை. "உனக்காக வெச்ச பாடம்டா. உன் பாடத்துல நீயே ஃபெயில் ஆனா ஊரு என்ன சொல்லும்?"

"மூணு இருந்திச்சி சார்" என்றான் ஆசீர்வாதம். "நீங்க நாப்பத்தி மூணு ஆக்கிட்டீங்க. மீதி நாப்பது எனக்கே தெரியாது. நான் கேட்டது குழாயில தண்ணி குடிக்க."

தேறாதவன் பெயரை அரசுப் பரீச்சைக்கு அனுப்பித் தேர்ச்சி விகிதத்தைக் கெடுத்துக்கொள்ளும் வழக்கம் அங்கே இல்லை. மார்கழிக்குள் அந்த ஒரு பாடத்தில் பாஸ் செய்யாவிட்டால் அவன் பெயர் பட்டியலில் போகாது என்று சொல்லி அனுப்பினார். முன்பு கேலிக்கு ஆளானதால் பரீச்சை இல்லை என்றார்கள். இப்போது கேலியைப் படிக்காததால் இல்லை. ரோசம்மாளிடம் அவன் இதைச் சொன்னபோது, அவள் ரொம்ப நேரம் சிரித்துவிட்டு, அப்புறம் மூக்கைச் சிந்தினாளாம்.

இதற்கு நடுவில் யாரும் எதிர்பாராத ஓர் அசம்பாவிதம் நடந்தது. கேலி நின்றுவிட்டது.

திட்டமிட்டு யாரும் நிறுத்தவில்லை. பாடமாக வைத்த எதையும் பெல் அடித்த பிறகு தொடுவதற்குப் பிள்ளைகளுக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான். குழாயடியில் ஒருத்தன் பழைய வழக்கத்தில் ஏதோ வாயைத் திறந்தான். தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த வகுப்புத் தோழன் ஹனீப் கடுப்பாகிவிட்டான்.

"டேய், அது பதினேழாவது. நேத்துதான் அம்பது தடவ இம்போசிஷன் எழுதினேன். தண்ணி குடிக்கற எடத்துலயும் பாடம் எடுக்காத, போ அப்பால."

ஆசீர்வாதத்துக்கு டம்ளரை அவன்தான் நீட்டினான். அன்பு என்று சொல்ல முடியாது. சலிப்புதான். ஆனாலும் தண்ணீர் தண்ணீர்தானே, ஆசீர்வாதம் இரண்டு டம்ளர் குடித்தான்.

மார்கழியில் மேலிடத்து அதிகாரி ஆய்வுக்கு வந்தார். பள்ளிக்கு வெள்ளையடித்தாயிற்று. மாலை, சால்வை, மோர் எல்லாம் தயார். மைதானத்தில் எண்ணூறு பேரும் வரிசை. அதிகாரி ஒரு பையனை எழுப்பி, ஒன்பதாவது சொல் என்ன என்றார். பையன் வானத்தைப் பார்த்தான். அடுத்தவன் செருப்பைப் பார்த்தான். போன மாதமே தேர்வு முடிந்து, காலை வணக்கத்திலும் நிறுத்திவிட்ட பாடத்தை நினைவில் வைத்திருக்கும் கெட்ட பழக்கம் அங்கே ஒருத்தருக்கும் இல்லை. நௌஷீனைக் கேட்டார்கள். தேர்வு அன்று சாயங்காலமே மறந்துவிட்டதாக அவள் உண்மையைச் சொன்னாள். தமிழாசிரியருக்குத் தான் கொடுத்த இரண்டே ஞாபகம் இல்லை. பலகையைப் பார்த்தாவது படிக்கலாம் என்றால், வெள்ளையடித்தபோது கழற்றியதை எங்கே வைத்தார்கள் என்று தெரியவில்லை.

தலைமையாசிரியர் சால்வையைப் பிரித்து மறுபடி மடித்தார். அப்போதுதான் கடைசி வரிசையில் ஆசீர்வாதம் கையைத் தூக்கினான்.

மேடைக்கு வந்தான். ஒன்றாவது தொடங்கினான். சத்தம் போடவில்லை, வீட்டுக்கு மளிகைச் சாமான் சொல்வது போல நிதானமாக ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான். உபயத்தோடு சொன்னான். இது தமிழையா உபயம். இது பி.டி. சார் உபயம், இதுவும் அவரே, இதுவும். இது எட்டாம் வகுப்பு பி பிரிவு மாணவர்கள், கூட்டாக. நாற்பது முடிகிறவரை ஒரு திக்கல் இல்லை. வரிசையில் தலைகள் ஒவ்வொன்றாகக் கீழே குனிந்துகொண்டு வந்தன. எறிந்தவனுக்கு மறந்துபோகும், பட்டவனுக்கு எங்கே மறக்கும்?

"மீதி மூணு பலகையில பொதுன்னு போட்டிருந்தாங்க சார்" என்றான். "பொது இல்ல. ரெண்டு எங்க கிளாஸ் உபயம். ஒண்ணு ஹெட்மாஸ்டர் சார் உபயம். டி.சி. எழுதும்போது எங்கம்மா எதிர்லயே சொன்னாரு. எழுதிக்குங்க."

பாக்கியநாதன் பழக்கத்தில் எழுதிக்கொண்டார். பிறகு அதிகாரி கை தட்டினார். அவர் தட்டியதால் எல்லோரும் தட்டினார்கள், பெயர் வந்தவர்கள் இன்னும் பலமாக. இவ்வளவு சிறந்த மனப்பாடத்தைத் தம் சர்வீஸிலேயே பார்த்ததில்லை என்றும், பையன் பெயர் பரீச்சைப் பட்டியலில் முதலாவதாகப் போக வேண்டும் என்றும் அதிகாரி ஆணையிட்டார். பாக்கியநாதன் அங்கேயே எழுதினார். தலைமையாசிரியர் பச்சை மையில் கையெழுத்துப் போட்டார்.

மோர் குடித்துக்கொண்டே அதிகாரி கேட்டார்: அது சரி, கலம் ஒன்றில் இருப்பு ஒன்று என்று காட்டியிருக்கிறீர்களே, அந்த மாணவன் யார்? இவனேதான் சார் என்றார்கள். அதிகாரி அவனை மேலும் கீழும் பார்த்தார். சிரித்தார். பக்கத்தில் இருந்தவர் காதில் சொல்வதாக நினைத்துக்கொண்டு, மைக் இருப்பதை மறந்து, ஒரு சொல் சொன்னார்.

மைதானம் முழுக்கக் கேட்டது. பட்டியலில் இல்லாத சொல். நாற்பத்து நான்காவது.

ஆசீர்வாதம் பாக்கியநாதனின் பேனாவை வாங்கிக்கொண்டு, ரொம்ப மரியாதையாகக் கேட்டான்:

"சார், உங்க பேரு இனிஷியலோட சொல்லுங்க. உபயத்துல போடணும்."

முதலில் சிரித்தது ஹனீப். அப்புறம் எண்ணூறு பேரும்.

பங்குனியில் அவன் பரீச்சை எழுதினான். பாஸ் செய்தான். அவன் எழுதிய ஹாலின் வாசலில் ரோசம்மாள் மூன்று மணி நேரமும் நின்றிருந்தாள்.

ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். நாற்பத்து நான்கில் ஒரு சொல்லைக்கூட நான் இங்கே எழுதவில்லை. ஆனாலும் கதை உங்களுக்குத் தடையில்லாமல் புரிந்தது. படித்துக்கொண்டு வரும்போது ஆங்காங்கே உங்கள் நாக்கு நுனியில் வந்து நின்றவை எல்லாம் உங்கள் உபயம்.