கறுப்புத் துணியும் ரோலர் கோஸ்டரும்

ஏறிவிடுவது என்று லிஃப்ட்காரர் தீர்மானித்துவிட்டார். கல்யாணமாகிப் பதினோரு வருஷமாக ஏறாத மனிதர், ஒரு டம்ளர் காப்பி ஆறுவதற்குள் எடுத்த தீர்மானம்.

எதில் ஏறுவது என்று கேட்பீர்கள். ரோலர் கோஸ்டரில். ஊருக்கு வெளியே இருக்கும் தீம் பார்க்கில் எட்டு மாதமாக ஒரு பெரிய தகரக் கொட்டகை எழும்பிக்கொண்டிருந்தது. ஜன்னல் கிடையாது. பெயர்ப்பலகை கிடையாது. உள்ளே ரோலர் கோஸ்டர் ஓடப்போகிறது என்பதோடு நிர்வாகம் வாயை மூடிக்கொண்டுவிட்டது. மிச்சத்தைச் சொல்லத்தான் ரசிகர் குழு இருக்கிறதே! வாட்ஸ்அப்பில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். கொட்டகைக்குள் போகிற லாரியின் டயர் எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்று பார்த்தே வண்டிக்கு எத்தனை பெட்டி என்று சொல்லிவிடுகிற ஆட்கள்.

அந்தக் குழுவுக்கு ஆசான் நம் லிஃப்ட்காரர். "மூன்றாவது வளைவில் வயிறு தொண்டை வரைக்கும் வந்து ஒரு வணக்கம் சொல்லிவிட்டுத் திரும்பும்" என்று அவர் எழுதினால் நூறு பேர் கைதட்டுவார்கள். அனுபவம் பேசுகிறது என்பார்கள்.

இதில் ஒரே ஒரு சின்னக் குறை. அவர் தன் ஆயுளில் ஒரு ரோலர் கோஸ்டரிலும் ஏறியது கிடையாது.

உயரம் என்றால் மனிதருக்கு ஈரக்குலை நடுங்கும். இத்தனைக்கும் நாற்பது மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் பழுது பார்க்க, அதன் தலைமேல் நின்றுகொண்டு, கையில் ஸ்பேனரோடு, சீழ்க்கை அடித்தபடியே மேலே போகிறவர். அங்கே சுற்றிலும் நாலு சுவர், ஒரே இருட்டு. எவ்வளவு தூரம் மேலே வந்திருக்கிறோம் என்று தெரியாது. கண்ணுக்குத் தெரியாத உயரம் உயரமே இல்லை என்பது அவருடைய சித்தாந்தம். அதே ஆளை வீட்டில் பல்பு மாட்ட ஸ்டூலில் ஏறச் சொல்லிப் பாருங்கள். உடனே எங்கேயோ ஒரு லிஃப்ட் பழுதாகி அவசர அழைப்பு வந்துவிடும்.

பல்பு மாட்டுவது, ஒட்டடை அடிப்பது எல்லாம் அவர் மனைவி அம்மணிதான். அவளுக்குத் தொழிலே திரைச்சீலை தைத்துக் கொண்டுபோய் மாட்டிவிட்டு வருவது. ஏணியின் உச்சிப்படியில் நின்று, வாயில் நாலு ஊக்கைக் கவ்விக்கொண்டு, தோளில் போனை இடுக்கிப் பேசுகிற ரகம். தீம் பார்க்குக்குப் போனால் அவள்தான் ஏறுவாள். அவர் கீழே நின்று பையும் செருப்பும் காவல் காப்பார். கேட்டால் இடுப்பு வலி.

அவள் இறங்கி வந்ததும், "எப்படி இருந்துச்சு? மொதல்ல இருந்து சொல்லு" என்று ஆரம்பிப்பார். அவளும் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டே மூச்சு விடாமல் சொல்வாள். அவள் சொன்ன வயிறு, அவள் சொன்ன தொண்டை, அவள் சொன்ன வணக்கம். வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் குழுவில் அது அவருடைய வயிறாகிவிடும். அம்மணி அந்தக் குழுவில் இல்லை. ஆகவே அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று அவர் நிம்மதியாக இருந்தார். கணவன்மார்களுக்கு இந்த மாதிரி நிம்மதி நிறைய உண்டு.

புதுக் கொட்டகை விஷயத்தில் குழு இரண்டு கட்சியாகப் பிரிந்தது. உள்ளே பளபளவென்று விளக்கு எரியும், வர்ணம் தீட்டிய மலையும் அருவியும் இருக்கும் என்றது குழுவில் இருந்த ஒரு பல் டாக்டரின் கட்சி. கும்மிருட்டு, கையை நீட்டினால் கை தெரியாது என்றது லிஃப்ட்காரர் கட்சி. ஆராய்ச்சி, ஆதாரம் என்று அவர் என்னென்னவோ எழுதினாலும், உண்மையான காரணம் ஒன்றுதான். இருட்டாக இருந்தால் அவரும் ஏறலாம். அடுத்தவள் வயிற்றைத் தன் வயிறாக எழுதி எழுதி மனிதருக்கு உள்ளுக்குள் கூச்சமாகவே இருந்தது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவள் பக்கத்தில் உட்கார்ந்து போய் வந்துவிட்டால் போதும் என்று மனசார ஆசைப்பட்டார்.

அந்தச் சமயத்தில்தான் வீட்டு வாசலில் ஒரு வேன் வந்து நின்று கறுப்புத் துணியாக இறக்கியது. சுருள் சுருளாக. சோபா மறைந்தது. டிவி மறைந்தது. வேன் ஓட்டுநரின் சட்டைப் பையில் தீம் பார்க்கின் முத்திரை. லிஃப்ட்காரர் உடனே தையல் மெஷின் பக்கம் ஓடினார்.

"ஏம்மா, இது யாருக்கு?"

"கஸ்டமருக்கு."

"எந்தக் கஸ்டமர்?"

"சொல்லக்கூடாதுன்னு கையெழுத்து வாங்கியிருக்காங்க."

"நான் யாரு, மூணாவது மனுஷனா? கட்டின புருஷன்."

"அந்தப் பேப்பர்ல புருஷனைத்தாங்க மொதல்ல போட்டிருக்கு."

அவள் தையல் மெஷினில் குனிந்துகொண்டாள். அவர் விடவில்லை. சுற்றி வளைத்துப் பிடிக்கலாம் என்று மறுநாள் தானே காப்பி போட்டுக் கொண்டுவந்து நீட்டினார்.

"துணி நல்லா தடிமனா இருக்கே! வெளிச்சம் துளிகூட உள்ள வராது போல?"

"ஆமா, வராது."

"யாருக்கோ இருட்டு ரொம்பத் தேவைப்படுது போல?"

"காப்பில சக்கரை போட்டீங்களா?"

"மறந்துட்டேன்."

"அதான், எதையோ யோசிச்சிக்கிட்டே போட்டிருக்கீங்க."

அவள் கடைக்குப் போன நேரம் பார்த்து அளவு டேப்பை எடுத்துக்கொண்டு தரையில் தவழ்ந்தார். மொத்தம் அறுநூறு மீட்டர். உயரம் ஒவ்வொன்றும் நாலு மீட்டர். அறுநூறு மீட்டர் கறுப்புத் துணியை எந்தப் பைத்தியக்காரன் வெளிச்சத்துக்காக வாங்குவான்? நிமிர்ந்தால் வாசலில் அம்மணி, கையில் காய்கறிப் பையோடு.

"என்னங்க தேடறீங்க?"

"ஒரு ஸ்க்ரூ உருண்டு வந்துடுச்சு."

"அதுக்கு டேப் எதுக்கு?"

"எவ்வளவு தூரம் உருண்டுச்சுன்னு பாக்கத்தான்."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். சிரிப்பை அடக்குகிறாள் என்பதுகூட நம் ஆளுக்கு உறைக்கவில்லை. அவர் ஏற்கெனவே குழுவில் தட்டிக்கொண்டிருந்தார்: "நம்பத்தகுந்த இடத்திலிருந்து தகவல். கும்மிருட்டு உறுதி." பல் டாக்டர் மட்டும், "ஆதாரம் எங்கே?" என்று கேட்டார். "பொறுத்திருந்து பாருங்கள்" என்று ஆசான் பதில் போட்டார்.

மூன்று வாரம் கழித்து அம்மணி இரண்டு அட்டைகளை மேஜைமேல் வைத்தாள். திறப்பு விழாவுக்கு முன்னால் ஒரு நாள் சோதனை ஓட்டமாம். கொட்டகையில் வேலை செய்தவர்கள், கூட ஒருவரை அழைத்துக்கொண்டு வந்து ஏறலாமாம்.

"எங்க அக்கா வரேன்னு சொல்லியிருக்கா" என்றாள்.

"அக்காவா? நான் என்ன ஆனேன்?"

"உங்களுக்குத்தான் இடுப்பு வலியாச்சே."

"இப்ப இல்ல."

"எப்பலேர்ந்து?"

"இந்த நிமிஷத்திலேர்ந்து."

"வேணாங்க. அப்புறம் கடைசி நேரத்துல பையைப் பிடிச்சுக்கறேன்னு நிப்பீங்க. அக்காவும் கோவிச்சுக்குவா."

"நானா நிப்பேன்? இப்பவே பாரு!"

அட்டையைப் படமெடுத்துக் குழுவில் போட்டார். கீழே, "நானே ஏறுகிறேன். இறங்கியதும் முதல் அறிக்கை உங்களுக்குத்தான்" என்று எழுதினார். இருநூற்றுப் பதினோரு பேரும் ஆர்ப்பரித்தார்கள். இனிப் பின்வாங்கினால் போனையே மாற்ற வேண்டும், முடிந்தால் முகத்தையும். ஆனால் அவர் கவலைப்படவில்லை. இருட்டு இருக்கிறது, சித்தாந்தம் இருக்கிறது, பயமென்ன!

அந்த நாளும் வந்தது. கொட்டகைக்குள் நுழைந்தார்கள். வளைந்து வளைந்து போகிற நடைவழி. இரண்டு பக்கமும் அம்மணி தைத்த கறுப்புத் திரை. லிஃப்ட்காரர் அதைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே ராஜா மாதிரி நடந்தார். முன்வரிசைதான் வேண்டும் என்று அவரே கேட்டு வாங்கினார். பாதுகாப்புக் கம்பி தோள்மேல் இறங்கி, கிளிக்கென்று பூட்டிக்கொண்டது. எதிரே ஒரு கதவு மூடியிருந்தது.

அம்மணி அவர் காதருகே சாய்ந்தாள்.

"ஏங்க, ஒண்ணு கேக்கணும். உள்ள இருட்டா இருக்கும்னு உங்களுக்கு யாரு சொன்னாங்க?"

"யாராவது சொல்லணுமாக்கும்? அறுநூறு மீட்டர் கறுப்புத் துணி எதுக்கு?"

"அதெல்லாம் வரிசையில நிக்கிற வழிக்குத்தாங்க. இப்ப பாத்துக்கிட்டே வந்தீங்களே! மொத்தமும் அங்கயே தீர்ந்துடுச்சு. இந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் நான் ஒரு முழம்கூட தைக்கல."

லிஃப்ட்காரர் கம்பியை ஆட்டிப் பார்த்தார். நல்ல தரமான கம்பி. அசையவில்லை.

"அப்ப உள்ள என்னதான் இருக்கு?"

"கையெழுத்துப் போட்டிருக்கேங்க."

"நான் இறங்கறேன்!"

"சிரிங்க, ஃபோட்டோ எடுக்கறாங்க."

கதவு திறந்தது. திறப்பதற்குள் லிஃப்ட்காரர் இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டுவிட்டார். வண்டி ஏறியது. ஏறிக்கொண்டே இருந்தது. ஒரு நொடி நின்றது. பிறகு உலகமே கழன்று விழுந்தது. அவர் தன் தாயாரைக் கூப்பிட்டார், தகப்பனாரைக் கூப்பிட்டார், லிஃப்ட் கம்பெனி மேனேஜரைக்கூடக் கூப்பிட்டார். பக்கத்தில் அம்மணி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, "ஐயோ, அங்க பாருங்க! இந்தப் பக்கம் பாருங்க!" என்று கூவினாள். எந்தப் பக்கமும் அவர் பார்க்கவில்லை.

வண்டி நின்றது. கம்பி விலகியது. மனைவியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.  உயிரோடுதான் இருக்கிறோம் என்று தெரிந்ததும் நெஞ்சுக்குள் குபீரென்று ஒரு சந்தோஷம் பொங்கியது. ஏறிவிட்டோம்! இனி எவனும் கேட்க முடியாது. சட்டைப் பையில் போன் துடித்தது. அறுபத்து மூன்று செய்திகள். கடைசியாக வந்தது பல் டாக்டருடையது: "ஆசானே, இருட்டா, வெளிச்சமா? ஒரே வார்த்தை போதும்."

லிஃப்ட்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"ஏம்மா… உள்ள எப்படி இருந்துச்சு? மொதல்ல இருந்து சொல்லேன்."

"பக்கத்துலதானே உக்காந்திருந்தீங்க?"

"கண்ணுல தூசி விழுந்துடுச்சு."

"ரெண்டு கண்ணுலயுமா?"

"ஒண்ணுல விழுந்து இன்னொண்ணுக்குப் போயிடுச்சு."

அம்மணி நின்று அவரை ஏற இறங்கப் பார்த்தாள். இப்போது அவள் சிரிப்பை அடக்கவில்லை.

"போன மாசம் பல் டாக்டர் கிளினிக்குக்குத் திரை மாட்டப் போனேங்க. நான் ஏணியில நிக்கறேன். அவர் கீழ நின்னு போனைப் பாத்துப் படிக்கிறாரு. எங்க குழுவுல ஒரு ஆசான் இருக்காரும்மா, என்னமா எழுதறாரு கேளுங்கன்னு. கேட்டா என் வயிறு! என் தொண்டை! என் வணக்கம்! ஊக்கை முழுங்கப் பாத்தேன்."

லிஃப்ட்காரருக்குக்  காது சூடாகியது.

"அவர்கிட்ட சொல்லிட்டியா?" என்று ஒருவழியாகக் கேட்டார்.

"சொல்வேனா? உங்க மானம் என் மானம் இல்லையா? ஆனா அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், இந்த மனுஷனை என் பக்கத்துல உக்கார வெச்சுட்டுத்தான் மறுவேலைன்னு. பதினோரு வருஷமா பக்கத்துல யாரோ ஒருத்தர் உக்காந்து கத்தறாங்க. அது நீங்களா இருக்கக்கூடாதா?"

அவருக்கு மனசு இளகிவிட்டது. கோபித்துக்கொள்ள வேண்டிய இடம் என்று தெரிந்தும் கோபம் வரவில்லை. அவள் கையைத் தட்டிக்கொடுத்தார்.

"தப்புதான். மன்னிச்சுக்கோ. இனிமே எழுத மாட்டேன். இந்த ஒரே ஒரு தடவை மட்டும் சொல்லிடு. இருட்டா, வெளிச்சமா? இருநூத்துப் பதினோரு பேர் காத்துக்கிட்டிருக்காங்க."

"நான் எதுக்குங்க சொல்லணும்?" என்று அம்மணி அவர் கையைப் பிடித்து வரிசைப் பக்கம் இழுத்தாள். "சோதனை ஓட்டம்தானே, சாயந்திரம் ஆறு மணி வரைக்கும் விடறாங்களாம். நீங்க கண்ணைத் திறக்கற வரைக்கும் ஏறிக்கிட்டே இருப்போம்."